தீவைச் சுற்றிய கடலில் ஆழம் மாறும் விளிம்பைக் கண்டுபிடிப்பது: முழுமையான வழிகாட்டி

இடுப்பளவு நீரில் நிற்பவர் இன்னும் இருபது முப்பது எட்டு வைத்தால் காலுக்குக் கீழே முப்பது மீட்டர் ஆழம். பவளப்பாறை சூழ்ந்த வெப்பமண்டலத் தீவுகளில் இது சர்வசாதாரணம். அலை உடைவதும், நீரோட்டம் வேகம் பிடிப்பதும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறுவதும், படகின் அடிப்பலகை கிழிவதும் அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் கைவசப்படும். அதை முதலில் வரைபடத்தில், பிறகு கரையில் நின்று, கடைசியாக நீருக்குள் கண்டுபிடிக்கும் முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறோம். ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாய் போட்டு நீந்துபவருக்கும் சிறு படகு ஓட்டுபவருக்கும் பெரும்பகுதி பொதுவானது. படகுக்கு மட்டும் உரியது கடைசியில் வருகிறது.

தீவு எந்த வகை?

தீவின் கரையை ஒட்டியே பவளம் வளர்ந்திருந்தால் அது கரையொட்டிய பார் (பார் என்றால் கடலுக்குள் நீளும் பவளப்பாறைத் திட்டு). கரைக்கும் பாருக்கும் நடுவில் லகூன் என்னும் அமைதியான நீர்ப்பரப்பு இருந்தால் தடுப்புப் பார். நடுவில் மலையே இல்லாமல் பார் மட்டும் வளையமாக நின்று, அதன் மேல் தாழ்வான மணல்தீவுகள் அமர்ந்திருந்தால் அட்டோல். எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழ, பவளம் ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போவதால் ஒன்றிலிருந்து மற்றொன்று உருவாகிறது என்று 1842இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். 1952இல் பசிபிக்கிலுள்ள எனிவெட்டோக் அட்டோலில் துளையிட்டபோது 1,200 மீட்டருக்கும் அதிகமான சுண்ணாம்புப் படிவத்தைத் தாண்டிய பிறகுதான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அட்டோலின் வெளிப்புறம் ஏன் சுவர்போல் இறங்குகிறது என்பதற்கான விடை அதில் இருக்கிறது: நீங்கள் நீந்துவது, கடலடியிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு மலையின் உச்சி விளிம்பில்.

வகையைப் பொறுத்துக் கவலையும் மாறும். கரையொட்டிய பாரில் விளிம்பு கரையிலிருந்து நீந்தி அடையும் தூரத்தில் இருக்கும். தெரியாமலே அதைத் தாண்டிவிடுவது எளிது. தடுப்புப் பாரில் விளிம்பு சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும், ஆனால் லகூனுக்குள்ளேயே ஆழத்திலிருந்து தனித்தனியாக எழும் பவளத் தூண்கள் படகுக்கு எமன். அட்டோல்களில் லகூனின் ஆழம் இடத்துக்கு இடம் வேறு. மாலத்தீவின் பெரிய அட்டோல்களுக்குள் பல பத்து மீட்டர் ஆழம் உண்டு. லட்சத்தீவின் லகூன்கள் பெரும்பாலும் சில மீட்டர்தான்.

இன்னொரு காரணமும் தரையைச் செதுக்கியிருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது வெளியே நின்ற சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக் குகைகளும் குழிகளும் ஆக்கியது. பெலிஸ் நாட்டின் பெரிய நீலக்குழி சுமார் 300 மீட்டர் அகலமும் 120 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்டது. பஹாமாஸின் டீன்ஸ் நீலக்குழி கரையோரத்து ஆழமற்ற நீரிலேயே தொடங்கி 202 மீட்டர் வரை இறங்குகிறது. ஆகவே கரை ஓரமென்றால் ஆழம் குறைவு என்ற கணக்கு இங்கே செல்லாது.

கரையிலிருந்து வெளிநோக்கிப் போகும்போது பொதுவாக வரும் வரிசை இது: மணல்கரை, ஒன்றிரண்டு மீட்டர் ஆழமுள்ள ஒரு பள்ளம், வற்றத்தில் (கடல்நீர் இறங்கும் நேரத்தில்) கணுக்கால் அளவுக்கு வந்துவிடும் தட்டையான பவளத்தளம், அலை உடையும் முகடு, முகடுக்கு வெளியே 5 முதல் 15 மீட்டர் ஆழம் வரை, வரப்பும் வாய்க்காலும் மாறிமாறி வரும் சரிவு, சில இடங்களில் ஒரு படித்தளம், பிறகு சுவர். இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தீவிலும் இதில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

முன்தினம் வரைபடத்தோடு

1. செயற்கைக்கோள் படத்தை எடுங்கள். சென்டினல்-2 படங்கள் இலவசம்; ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர்; ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப்படம் வரும். மேகமும் அலைநுரையும் இல்லாத ஒரு நாளையும், பேரலை அடிக்கும் ஒரு நாளையும் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் படம் நிறத்தைக் காட்டும். இரண்டாவது அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று காட்டும். உடையாத இடைவெளிதான் வாய்க்கால்.

2. கடல்வரைபடத்தில் ஆழ எண்களைப் பாருங்கள். அவை பெரும்பாலும் மிகத் தாழ்ந்த ஓதத்திலிருந்து (ஓதம் என்பது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) கணக்கிட்டவை. அன்றைய ஓத உயரத்தைக் கூட்டினால் அந்த நேரத்து ஆழம் கிடைக்கும். அடிக்கோடிட்ட எண் என்றால் அந்த இடம் வற்றத்தில் வெளியே தெரியும்.

3. வரைபடத்தில் அளவெடுத்த ஆண்டு எது என்று தேடுங்கள். தொலைதூரத் தீவுகள் பலவற்றின் அளவீடு ஜி.பி.எஸ். வருவதற்கு மிக முன்னால் எடுத்தது. அப்படிப்பட்ட வரைபடத்தில் பாரின் இடம் நூறு மீட்டர் கணக்கில் தள்ளியிருக்க முடியும். எண்ணே இல்லாத வெண்பகுதியை ஆழமான இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரும் அளக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

4. மின்னணு வரைபடம் என்றால் கடைசி அளவு வரை பெரிதாக்கிப் பாதை முழுவதையும் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். சிறிய அளவில் பார்க்கும்போது முழுப் பவளத்திட்டும் மறைந்துபோகும். 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் பந்தயத்தில் இருந்த ஒரு பாய்மரப் படகு, இந்தியப் பெருங்கடலின் கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் இரவில் முழுவேகத்தில் மோதியது இப்படித்தான். பயிற்சி பெற்ற குழு, நல்ல கருவிகள், ஆனால் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

5. ஒரு தாளில் கரை, தளம், முகடு, வாய்க்கால், விளிம்பு ஐந்தையும் கையால் வரைந்து, இறங்கும் இடம், ஏறும் இடம், மாற்று ஏறும் இடம் மூன்றையும் குறியுங்கள். மாற்று இடம் இல்லையென்றால் அந்தப் பக்கம் இறங்க வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து.

உயரமான எரிமலைத் தீவுகளில் வாய்க்காலைத் தேட ஒரு குறுக்குவழி உண்டு. ஆற்றுநீரும் சேறும் கடலில் கலக்கும் இடத்தில் பவளம் செழிப்பதில்லை. அதனால் மலைப்பள்ளத்தாக்குக்கு நேர் எதிரே பாரில் இடைவெளி இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓதக் கணக்கு

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேரத்தை ஆறு பங்காக்கினால், மொத்த உயர வேறுபாட்டின் பன்னிரண்டு பாகத்தில் முதல் மணியில் 1, பிறகு 2, 3, 3, 2, 1 என்று நகரும். வேறுபாடு 1.2 மீட்டர் என்றால் முதல் மணியில் 10 செ.மீ., இரண்டாவதில் 20, மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 30, பிறகு 20, 10. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 60 செ.மீ. மாறிவிடுகிறது. பவளத்தளத்தின் மேல் நீந்திப் போனவர் வயிற்றைக் கீறிக்கொள்ளாமல் திரும்புவாரா என்பதை இந்த 60 செ.மீ. தீர்மானிக்கும்.

அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வேறுபாடு மிக அதிகம். அரைநிலாவை ஒட்டிய நாட்களில் குறைவு. புதிதாகப் போகும் இடத்தில் அரைநிலா வாரமே நல்லது, ஏனென்றால் வாய்க்கால்களில் ஓட்டமும் அப்போது குறையும்.

பன்னிரண்டு பாகக் கணக்கு நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் உள்ள இடத்துக்குத்தான் பொருந்தும். சில கடல்களில் ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம். தஹிதி இன்னும் விசித்திரம்: அங்கே நிலவால் எழும் ஓதம் மிகக் குறைவாக இருப்பதால் சூரியனின் ஓதமே மேலோங்கி, ஏற்றம் தினமும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே வரும். அந்தந்த இடத்தின் அட்டவணையைப் பார்த்து, முதல் நாள் கரையில் ஒரு குச்சியை நட்டு, நீர்க்கோட்டை மணிக்கொருமுறை குறித்துச் சரிபாருங்கள். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அலையே அளவுகோல்

அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அடியை உணரத் தொடங்கும். ஆழ்கடலில் அலையின் நீளம், அதன் கால இடைவெளியின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். 6 வினாடி இடைவெளியில் வரும் காற்றலையின் நீளம் சுமார் 56 மீட்டர். 14 வினாடி இடைவெளியில் வரும் தொலைதூர அலையின் நீளம் 300 மீட்டரைத் தாண்டும். கண்டங்களின் கரையில் அகலமான ஆழமற்ற திட்டு அந்த நீண்ட அலையின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். கடல் நடுவில் எழுந்து நிற்கும் தீவில் அப்படித் திட்டு எதுவும் இல்லை. அலை முழுப் பலத்தோடு முகட்டில் வந்து விழுகிறது. ஆகவே முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1 மீட்டர் உயரம், 15 வினாடி இடைவெளி என்றால் முகட்டுப் பக்கமே போகக் கூடாத நாள்.

உடையும் இடம் ஆழத்தைச் சொல்லும். அலையின் உயரம் நீரின் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது அலை உடைகிறது. 1 மீட்டர் அலை உடைந்தால் அங்கே ஆழம் ஏறத்தாழ 1.3 மீட்டர். வெண்நுரைக் கோட்டைப் பார்த்தால் முகடு எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று கரையில் நின்றே கணக்கிடலாம். இதைத் தலைகீழாக்கினால் செல்லாது: அலை இல்லாத நாளில் அரை மீட்டர் ஆழத்திலுள்ள பாரின் மேலும் கடல் கண்ணாடியாகக் கிடக்கும்.

பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். இறங்குமுன் குறைந்தது 20 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குபவர் இரண்டு கூட்டங்களுக்கு நடுவிலுள்ள அமைதியைத்தான் பார்த்திருப்பார்.

நிறத்தைப் படிப்பது

நீர் சிவப்பொளியை முதலில் விழுங்கிவிடும். 5 முதல் 10 மீட்டருக்குள் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். நீலம்தான் ஆழம் வரை போய்த் திரும்பி வரும். அடி வெள்ளை மணலாக இருந்தால் ஒளி நன்றாகத் திரும்பும். இந்த இரண்டும் சேர்ந்ததே தீவுக் கடலின் நிறம்.

தெளிந்த நீரில், உச்சி வெயிலில், ஏறத்தாழ இப்படி வரும்: வெளுத்த பச்சை, கிட்டத்தட்ட வெள்ளை என்றால் ஒன்றிரண்டு மீட்டருக்குள் மணல். மயில்பச்சை என்றால் மூன்று முதல் எட்டு மீட்டர் மணல். தெளிந்த நீலம் என்றால் பதினைந்து இருபது மீட்டர். கருநீலம் என்றால் விளிம்பைத் தாண்டிவிட்டீர்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம் என்றால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பவளம். படகுக்கு அதுதான் அபாய நிறம்.

புதியவர்கள் தவறுவது ஒரே இடத்தில். கருமையாகத் தெரிவதெல்லாம் ஆழம் என்று எண்ணிவிடுவார்கள். இரண்டு மீட்டரில் உள்ள பவளம், பத்து மீட்டரில் உள்ள வெள்ளை மணலைவிடக் கருமையாகத் தெரியும். கருந்திட்டைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். நகர்கிறதா? அப்படியென்றால் மேகநிழல். ஓரம் மெல்ல மங்கி மணலில் கலக்கிறதா? கடற்புல். ஓரம் வெட்டினாற்போல் இருந்து, சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறதா? பவளத்திட்டு. அந்த வெள்ளை வளையம் அழகுக்காக வந்ததல்ல. பவளத்தில் ஒளிந்து வாழும் மீன்களும் கடல் முள்ளெலிகளும் எதிரிக்குப் பயந்து தூரம் போகாமல், பக்கத்திலுள்ள பாசியையும் புல்லையும் மட்டும் மேய்ந்து தீர்ப்பதால் மணல் வெளித்தெரிகிறது. செயற்கைக்கோள் படத்திலும் இந்த வளையம் பளிச்சென்று தெரியும்.

பார்க்கும் முறையும் முக்கியம். சூரியன் முதுகுக்குப் பின்னால், உயரத்தில் இருக்க வேண்டும். காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் இடைப்பட்ட நேரம். போலராய்டு கண்ணாடி போட்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் மேற்பரப்பின் பளபளப்பு சட்டென்று விலகி அடி தெரியும். கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாறைமேல் ஏறியோ படகின் மேல்தட்டில் நின்றோ பாருங்கள். அசைவே இல்லாத கடல் வானத்தைப் பிரதிபலித்து அடியை மறைக்கும். லேசான சிற்றலை உள்ள நாளே வசதி. வானம் மூடியிருந்தால் நிறத்தை நம்பிப் படகை நகர்த்த வேண்டாம்.

நீரின் ஒளிவிலகலால் நேர் மேலிருந்து பார்க்கும்போது ஆழம் முக்கால் பங்காகவே தெரியும். 3 மீட்டர் அடி 2.25 மீட்டர் போலத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். கால் எட்டும் என்று நம்பிக் குதித்தவருக்குக் கால் எட்டாமல் போவதற்கு இதுவே காரணம்.

கண்ணைப் பழக்க ஒரு கயிறு போதும். 8 மில்லிமீட்டர் தடிமனில் 30 மீட்டர் கயிறு, நுனியில் ஒன்றரைக் கிலோ ஈயக்குண்டு. மீட்டருக்கு ஒரு துணிக்கீற்று, ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. கயிற்றை நனைத்து இழுத்த பிறகே அளந்து கட்டுங்கள், இல்லையென்றால் குறி தள்ளிப்போகும். குண்டின் அடியில் ஒரு குழி வெட்டி அதில் கெட்டியான கிரீஸை அப்பினால், மேலே இழுக்கும்போது அடியின் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்: மணலா, சிப்பித்தூளா, சேறா என்று தெரியும். ஒன்றும் ஒட்டாமல் கிரீஸில் கீறல் மட்டும் இருந்தால் பாறை. ஒவ்வொரு முறையும் முதலில் நிறத்தைப் பார்த்து ஆழத்தை ஊகித்துச் சொல்லிவிட்டு, பிறகு கயிற்றை விடுங்கள். ஒரே நாளில் கண் எவ்வளவு திருந்துகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

பவளத்தளத்தின் மேல்

நடந்து போவதென்றால் வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கிளம்பி, வற்ற நேரத்தில் திரும்பத் தொடங்குங்கள். கரைக்குப் பக்கத்தில் உள்ள பள்ளம் தளத்தைவிடத் தாழ்வானது. ஏற்றம் அதைத்தான் முதலில் நிரப்பும். முகட்டருகே கணுக்கால் நீரில் நிற்கும்போதே பின்னால் வழி அடைபட்டுவிடும்.

அடிப்பாகம் தடித்த காலணி போடுங்கள். மணல் தடங்களிலும் உயிரற்ற கல்லிலும் மட்டும் கால் வையுங்கள். ஒரு மிதியில் உடையும் கிளைப்பவளம் மீண்டும் வளரப் பல ஆண்டாகும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் உரசி நகருங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். கல்மீன் அப்படி விலகாது, கல்லோடு கல்லாகக் கிடக்கும். அதன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் காலை அமிழ்த்தி வையுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலியில் சூடு தெரியாமல் வெந்துவிடக்கூடும், அதனால் வெந்நீரைக் குத்தாத கையால் சோதியுங்கள். கூம்பு வடிவச் சங்கு எதையும் உயிரோடு கையில் எடுக்க வேண்டாம். அதன் நஞ்சு உயிரை வாங்கும். பவளம் கீறிய காயத்தைச் சுத்தமான நீர் நிறைய ஊற்றி, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே தங்கும் பவளத் துகளால்தான் அந்தக் காயம் வாரக்கணக்கில் ஆறாமல் சீழ் பிடிக்கிறது.

வாய்க்கால்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இங்கே கூடுதல் கவனம் தேவை. ஓதம் ஏறும்போது லகூனுக்குள்ளும், வற்றும்போது வெளியேயும் நீர் போகும் என்பது பாதி உண்மை. முகட்டில் உடையும் ஒவ்வொரு அலையும் நீரை லகூனுக்குள் தள்ளுகிறது. அந்த நீர் வெளியேற வாய்க்காலைத் தவிர வழியில்லை. பேரலை அடிக்கும் நாட்களில், வாய்க்கால் குறைவான அட்டோல்களில், ஓதம் ஏறும் நேரத்திலும் ஓட்டம் வெளிநோக்கியே இருக்கும். ஓத அட்டவணையை மட்டும் நம்பி இறங்குபவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார். ஓட்டம் நின்று திரும்பும் நேரமும் உச்ச ஏற்றத்தோடோ வற்றத்தோடோ ஒத்துவர வேண்டிய அவசியமில்லை. லகூன் பெரிதாகவும் வாய்க்கால் குறுகலாகவும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும்.

ஆகவே கண்ணால் பாருங்கள். வாய்க்காலின் வெளிமுனையில் அலைகள் நகராமல் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றால், வெளியோட்டம் உள்வரும் அலையோடு மோதுகிறது. நீர் கலங்கலாக இருந்தால் லகூன் நீர் வெளியே போகிறது. தெளிந்த நீலமாக இருந்தால் கடல்நீர் உள்ளே வருகிறது. பிறகு அளந்து பாருங்கள். ஓட்டத்தோடு 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறி வைத்து, ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு நேரம் எடுங்கள். 20 வினாடியில் கடந்தால் ஓட்டம் சுமார் 1 நாட் (மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.). 10 வினாடி என்றால் 2 நாட். ஃபின்ஸ் என்னும் கால்துடுப்பு போட்ட சாதாரண நீச்சல்காரர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் ஏறத்தாழ 1 நாட்தான். 20 வினாடிக்குக் குறைவாக வந்தால் அந்த வாய்க்காலில் நீந்த வேண்டாம்.

நீந்துவதென்றால் உள்ளோட்டத்தில், படகு கூடவே வர, வெளிமுனையில் இறங்கி லகூனுக்குள் மிதந்து வாருங்கள். எதிர்பாராமல் வெளியோட்டம் இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். வாய்க்காலின் வாயைத் தாண்டியதும் ஓட்டம் விசிறியாக விரிந்து வலுவிழக்கும். அப்போது பாருக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, முகட்டுக்கு வெளியே, அலை உடையாத நீரில் காத்திருங்கள். கரை அருகில் தெரிகிறதே என்று உடையும் முகட்டின் மேல் ஏறப் பார்ப்பது மிகப் பெரிய தவறு. ஊதல் ஒன்றும், ஊதிப் பெரிதாக்கும் ஆரஞ்சு நிற அடையாளக் குழாய் ஒன்றும் இடுப்பில் எப்போதும் இருக்கட்டும். அலைகளுக்கு நடுவில் ஒரு தலை சற்றுத் தொலைவிலேயே கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

விளிம்பில் நீந்துவது

ஓட்டத்தை எதிர்த்தே தொடங்குங்கள். களைத்த பிறகு திரும்பும்போது ஓட்டம் கைகொடுக்கும். திட்டமிட்ட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்புங்கள். சுவரை எப்போதும் ஒரே தோளின் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நீலம் மட்டுமே தெரியும் இடத்தில் கண்ணுக்குப் பிடிப்பு இல்லாமல் தலைசுற்றும். பக்கத்துச் சுவரைப் பார்த்தால் உடனே தெளியும்.

திடீரென்று குளிர்ந்த நீர் உடம்பில் பட்டால் நில்லுங்கள். அடிநீர் மேலேறுகிறது, அல்லது ஓட்டத்தின் திசை மாறுகிறது. மீன்களைப் பாருங்கள்: அவை ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். எல்லா மீனும் தலையை மேல்நோக்கி வைத்து நீந்தினால் அங்கே ஓட்டம் கீழிறங்குகிறது. சுவரை விட்டுக் கடல்பக்கம் விலகி மேலே வாருங்கள்.

மூச்சடக்கி இறங்குபவருக்கு: 10 மீட்டரில் அழுத்தம் இருமடங்கு, நுரையீரலில் உள்ள காற்றின் கனஅளவு பாதி. முதல் இரண்டு மீட்டரிலேயே காது அடைப்பை நீக்கத் தொடங்குங்கள். வலி வந்த பிறகு முயன்றால் பலிக்காது, மேலே வந்துவிடுங்கள். இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுக்காதீர்கள். அதனால் ஆக்சிஜன் கூடுவதில்லை. கரியமிலவாயு குறைந்து, மூச்சு விடத் தோன்றும் உணர்வு தாமதமாகிறது. மேலேறும்போது அழுத்தம் குறைந்து ஆக்சிஜன் சட்டென்று வீழ, கடைசிப் பத்து மீட்டரில், சில சமயம் நீர்மட்டத்துக்கு வந்த பிறகும், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பும். ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வந்தவரை இன்னும் அரை நிமிடமாவது கண்ணை எடுக்காமல் கவனிக்க வேண்டும்.

படகோடு

ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவி படகுக்கு நேர் கீழே மட்டும் பார்க்கும். 200 மீட்டர் காட்டிக்கொண்டிருக்கும் திரை, ஒரு படகு நீளம் நகர்ந்ததும் 2 மீட்டர் காட்டும். அப்போது நிறுத்த நேரமிருக்காது. செங்குத்தான பாரை அணுகும்போது முன்முனையில் ஒருவர் நின்று நிறம் பார்த்துக் கையசைத்துச் சொல்ல வேண்டும். வேகம் 2 நாட்டைத் தாண்டக் கூடாது. கருவி ஒலியின் வேகத்தை வினாடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்திருந்தால், 28 டிகிரி வெப்பக் கடல்நீரில் உண்மை வேகம் சுமார் 1,540 என்பதால், காட்டும் ஆழம் உண்மையைவிட இரண்டரை சதவீதம் குறைவாக இருக்கும். பாதுகாப்பான பக்கத் தவறுதான், விட்டுவிடலாம். கருவி நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அளந்து பதியுங்கள்.

நங்கூரம் வெள்ளை மணல் திட்டில் மட்டும். நீரின் ஆழத்தோடு வரப்போகும் ஓத ஏற்றத்தையும் முன்முனையின் உயரத்தையும் கூட்டி, சங்கிலிக்கு ஐந்து மடங்கு, கயிறென்றால் ஏழு மடங்கு விடுங்கள். ஆழம் 6, ஏற்றம் 1, முனை உயரம் 1 என்றால் 8 மீட்டர். சங்கிலி 40 மீட்டர். படகு சுழலும் வட்டம் முழுவதிலும் பவளத் தூண் இல்லை என்று மாஸ்க் போட்டு இறங்கிப் பாருங்கள். இருந்தால் சங்கிலியில் இடையிடையே மிதவை கட்டி அதை அடியிலிருந்து தூக்கிவிடுங்கள். சங்கிலி தூணில் சுற்றிக்கொண்டால் விடவேண்டிய நீளமெல்லாம் வீணாகி, அலையில் முன்முனை வெடுக்கென்று இழுபடும். வெளிச்சரிவில் நங்கூரம் போட்டால் காற்று கடல்நோக்கித் திரும்பும்போது அது சரிவில் கீழ்நோக்கி இழுபட்டு, பிடிப்பில்லாத ஆழத்தில் தொங்கும்.

விளிம்புக்கு வெளியே எஞ்சின் நின்றுவிட்டால் முதல் சில நிமிடங்கள்தான் உங்களுடையவை. அடி இன்னும் 30 மீட்டருக்குள் இருந்தால், எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே நங்கூரத்தைப் போடுங்கள். சில நூறு மீட்டர் தள்ளிப்போய்விட்டால் எந்தக் கயிறும் அடியைத் தொடாது. படகு பாரை நோக்கித் தள்ளப்படுகிறதா, கடலை நோக்கியா என்று பாருங்கள். பாரை நோக்கி என்றால் துடுப்பால் உடையும் முகட்டை விட்டு விலகி வாய்க்கால் பக்கம் நகர்த்துங்கள். கடலை நோக்கி என்றால் கடல் நங்கூரத் துணியை முன்முனையில் கட்டி நீரில் விடுங்கள். இழுபடும் வேகம் குறையும், முனை அலையை நோக்கி நிற்கும். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி இருந்தால் இருட்டும்வரை காத்திருக்காமல் அப்போதே இயக்குங்கள். தீவு கண்ணுக்குத் தெரியும்போதே அதன் திசையைத் திசைகாட்டியில் பார்த்து, நேரத்தோடு படகின் உள்பலகையில் எழுதி வையுங்கள். தாழ்வான அட்டோல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். பிறகு லகூனின் பச்சை, மேலே மிதக்கும் மேகத்தின் அடியில் படிந்திருந்தால் அதுவே திசை சொல்லும்.